டிக்

ஐந்து வாரக் குட்டியாய் என் கைக்கு வந்தாள்.
பெயர் தமாஷா;
எங்கள் சுவாஹிலியில் அதற்குத் திருவிழா என்று பொருள்.
பூனையளவு வளரப்போகும் எலிக்கு
அந்தப் பெயரை வைத்தவன் சமையற்கட்டு ஷோமாரி.

முதலில் பாடம் ஏதுமில்லை.
சட்டைப்பைக்குள் வைத்து
மொரோகோரோ சந்தையைச் சுற்றினேன்.
லாரி ஹாரன், மீன் பொரியும் புகை,
தகரக் கூரையில் மழை:
இவற்றில் எதுவும் உன்னைத் தின்னாது,
அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தேன்.

அப்புறம் டிக்.
கட்டைவிரல் அகலத் தகரம்.
அமுக்கினால் டிக், உடனே வாழைப்பழக் கூழ்.
டிக், கூழ். டிக், கூழ்.
மூன்றாம் நாள்
சம்பள மணி கேட்டவள்போல
மூக்கை என் பக்கம் திருப்பினாள்.

அன்றிலிருந்து தகரத்துக்கு ஒரே அர்த்தம்: சரி.
தவறுக்கு எங்களிடம் ஒலி கிடையாது.
தவறினால் ஒன்றும் நடக்காது.
அந்த ஒன்றுமில்லாததை
மீசைமுடிகளால் நெடுநேரம் துழாவிக்கொண்டிருப்பாள்.

அண்ணன் ம்குடேவிடம் இரண்டு கழுதைகள்.
அடியாத மாடு படியாது என்கிற கட்சி அவன்.
படிந்துதான் இருக்கின்றன;
அவன் தூங்கும்போது மட்டும்
கயிற்றைக் கடித்துக்கொண்டிருக்கும்.
எலிக்குப் பழம் ஊட்டுகிற உத்தியோகமா என்று
என் கல்யாணத்திலும் கேட்டுச் சிரித்தான்.

மூன்று துளைகள். ஒன்றின் அடியில் மட்டும்
வெடிமருந்தின் வாசனை.
அங்கே மூக்கு நின்றால் டிக்.
கன்னப்பை புடைக்கப் பழத்தை வாங்கிக்கொண்டு
மூலைக்குப் போய்விடுவாள்,
யாரும் பங்கு கேட்டுவிடக் கூடாதென்று.
ஒன்பது மாதம் முடிந்தபோது
நாங்கள் புதைத்ததில் ஒன்றைக்கூட அவள் விடவில்லை.

பிறகு அங்கோலா.
விடியுமுன் காதுக்கும் வாலுக்கும்
வெயில் களிம்பு பூசினேன்.
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அர்மிந்து,
நடுவே கயிறு.
எங்கள் யாரையும் தாங்காத மண்
அவளைத் தாங்கியது.

பதினோராவது மீட்டரில் நின்றாள்.
சுரண்டினாள்,
இரண்டு கையாலும், கற்றபடியே.
காத்திருந்தாள்.

கட்டைவிரல் தகரத்தின்மேல் இருந்தது.
அமுக்கவில்லை.

அங்கே மைதானத்தில் புதைத்தவர்கள் நாங்கள்.
இங்கே புதைத்தவன் யாரோ,
செத்தானோ, பேரன் எடுத்தானோ.
அவள் சொல்வது சரியா என்று
சொல்ல எனக்கு வழியில்லை.
தவறுகளுக்கும் டிக் சொல்லத் தொடங்கினால்
தகரம் செத்துவிடும்.

மறுபடி சுரண்டினாள், இன்னும் அழுத்தி.
எனக்குக் காது மந்தம் என்று நினைத்திருக்கலாம்.
அர்மிந்து தாளில் ஒரு புள்ளி வைத்தான்.
கயிற்றை நகர்த்தினோம்.

மறுநாள் எர்மெலிண்டா
குப்புறப் படுத்து, கரண்டியால்,
ஒன்றரை மணி நேரம் மண்ணை வழித்தாள்.
பச்சை மூடி. ஊறுகாய் டப்பா அளவு.
உச்சிவெயிலில் அதை வெடிக்கவைத்தார்கள்.
மலையே இருமியது.
கூண்டில் தூங்கிக்கொண்டிருந்த தமாஷா
ஒரு காதை அசைத்ததோடு சரி.

தகரத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.
கூண்டருகே போய்த்தான் உறைத்தது:
இப்போது அமுக்கினால்
தூங்கியதற்குத்தான் பாராட்டு.
எலிக்கு நேற்று என்றொரு நாள் இல்லை.

பழத்தை மட்டும் நீட்டினேன்.
ஒலியில்லாமல் வந்த பழம்.
விழித்து, என் விரல்களை ஒவ்வொன்றாய் முகர்ந்து,
ஏதோ மோசடி என்பதுபோல்
மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

அடுத்த விடியலில், வேலைக்கு முன்,
முகாம் ஓரத்து நான்கு மீட்டர் மண்ணில்
நானே புதைத்ததை அவள் சுரண்டினாள்.
நேற்றுமுன்தினத்துக்கும் சேர்த்து அமுக்கினேன்.

அவளுக்குக் கேட்டது
ஒரு டிக்தான்.